பழைய லேப்டாப்பில் வயர்லெஸ் கார்டை மாற்றுவது எப்படி?

முதல் கம்ப்யூட்டராகவே ஒரு பழைய லேப்டாப்பை வாங்குபவர்கள் இப்போது அதிகம். பெரிய நிறுவனங்கள் சில வருடங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்கள், சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி சிறிய ஊர்க் கடைகள் வரை விற்பனைக்கு வருகின்றன. நல்ல கீபோர்டு, உறுதியான உடல், கையைக் கடிக்காத விலை. ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தி, விண்டோஸ் நிறுவிக் கடைக்காரரே கொடுத்துவிடுகிறார். ஆனால் பெரும்பாலும் அவர் தொடாமல் விடும் பாகம் ஒன்று உண்டு. அதுதான் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வயர்லெஸ் கார்டு.

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கும். செல்போனில் வீடியோ தடையில்லாமல் ஓடும். அதே அறையில் லேப்டாப்பில் மட்டும் வீடியோ நின்று நின்று வரும். உடனே "லேப்டாப் பழசு, மாற்றிவிடுங்கள்" என்பார்கள். பல நேரங்களில் மாற்ற வேண்டியது லேப்டாப்பை அல்ல. ஒரு தீப்பெட்டி அளவே உள்ள கார்டை மட்டும்தான். அதன் விலை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாது.

ஆனால் கடைக்குப் போய் "இருப்பதிலேயே வேகமான கார்டு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவந்தால், அது பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பில் வேலை செய்யாது. வயர்லெஸ் கார்டை அதன் வேக எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உங்கள் லேப்டாப் எதை ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

குறை கார்டில்தானா?

2023-ம் ஆண்டு என் சித்தப்பா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, டெல் லேட்டிட்யூடு இ6430 என்ற பழைய லேப்டாப்பை வாங்கினாள். 2012-ல் வெளிவந்த மாடல் அது. ஆன்லைன் வகுப்பில் பேச்சு விட்டு விட்டு வருகிறது என்று ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார்கள். புதிய லேப்டாப் வாங்குவதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா 35,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப்பைப் பார்த்தும் வைத்துவிட்டார். "அண்ணா, குறை நெட்டிலா, லேப்டாப்பிலா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்று அவள் போனில் கேட்டாள். சரியான கேள்வி. இதற்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

இதற்கு மூன்று சோதனைகள் போதும். முதலில் லேப்டாப்பை ரௌட்டரின் அருகில் வைத்து வயர்லெஸ் மூலம் வேகத்தைச் சோதியுங்கள். அடுத்து அதே இடத்தில் செல்போனில் சோதியுங்கள். மூன்றாவதாக, ஒரு லேன் கேபிளை ரௌட்டரிலிருந்து லேப்டாப்பில் செருகி, வயர்லெஸ்ஸை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

கேபிளிலும் வேகம் குறைவாக இருந்தால் கார்டை மாற்றிப் பயனில்லை. குறை இணைப்பில் இருக்கலாம். லேப்டாப்பின் வேறு பாகத்திலும் இருக்கலாம். கேபிளில் முழு வேகம் வந்து, வயர்லெஸ்ஸில் மட்டும் குறைந்தால் குறை வயர்லெஸ் பக்கம்தான். தங்கையின் லேப்டாப்பில் கேபிள் வழியே 94 எம்பிபிஎஸ் வந்தது. வயர்லெஸ்ஸில் 26 எம்பிபிஎஸ். செல்போனில் 90-க்கு மேல். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்து, கார்டின் ஜாதகத்தைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் "செட்டிங்ஸ்" சென்று, "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" பகுதியில் "வை-ஃபை" தேர்ந்தெடுத்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் "ப்ராபர்ட்டீஸ்" திறந்தால் மூன்று தகவல்கள் கிடைக்கும். "புரோட்டோகால்" என்பது கார்டும் ரௌட்டரும் பேசிக்கொள்ளும் முறை. "நெட்வொர்க் பேண்ட்" என்பது அலைவரிசை. "லிங்க் ஸ்பீடு" என்பது இணைப்பு வேகம். லேட்டிட்யூடில் காட்டியவை 802.11என், 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ்.

லிங்க் ஸ்பீடு என்பது நமக்குக் கிடைக்கும் வேகம் அல்ல. நடைமுறையில் அதில் ஏறக்குறைய பாதிதான் கையில் கிடைக்கும். அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் அதிகம் என்றால் அதுவும் குறையும்.

எண்களின் பின்னே இருப்பது

வயர்லெஸ் தரங்கள் அனைத்தும் 802.11 என்ற எண்ணில் தொடங்கும். 1999-ல் வந்த 802.11பி-யின் உச்ச வேகம் 11 எம்பிபிஎஸ். 2003-ல் வந்த 802.11ஜி-யில் 54. 2009-ல் வந்த 802.11என்-ல் ஒரு ஆன்டெனா வழிக்கு 150. 2013-ன் இறுதியில் இறுதி வடிவம் பெற்ற 802.11ஏசி-யில், வழக்கமான 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு வழிக்கு 433, இரண்டு வழிக்கு 867. அதற்கு அடுத்தது 802.11ஏஎக்ஸ். பெயர்கள் குழப்பமாக இருப்பதால் 2018-ல் இவற்றுக்கு எளிய பெயர் சூட்டினார்கள். 802.11என் என்பது வை-ஃபை 4. ஏசி என்பது வை-ஃபை 5. ஏஎக்ஸ் என்பது வை-ஃபை 6.

இந்த வேக எண்களைவிட முக்கியமானது அலைவரிசை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி ஓரளவு தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடி வீட்டில் பத்து ரௌட்டர்கள் இந்த மூன்று சேனல்களில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் இதே அலைவரிசையில்தான். 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. தூரம் மட்டும் குறைவு.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் கார்டிலிருந்து, இரண்டையும் பிடிக்கும் டூயல் பேண்ட் கார்டுக்கு மாறுவதுதான் பழைய லேப்டாப்பில் கிடைக்கும் உண்மையான முன்னேற்றம். 802.11என் என்று எழுதியிருந்தாலே 5 ஜிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2.4 மட்டும் உள்ள என் கார்டுகளே மலிவு என்பதால் நிறைய லேப்டாப்களில் அவைதான் இருந்தன. அதே போல, உங்கள் ரௌட்டரும் 5 ஜிகாஹெர்ட்ஸ் தர வேண்டும். ரௌட்டர் 2.4 மட்டும் தந்தால் முதலில் மாற்ற வேண்டியது ரௌட்டரைத்தான்.

பாதுகாப்பும் ஒரு காரணம். மிகப் பழைய கார்டுகள் "வெப்" என்ற பூட்டை மட்டும் அறிந்தவை. அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. "டபிள்யூபிஏ2" என்ற உறுதியான பூட்டு, வை-ஃபை சான்று பெறும் புதிய சாதனங்களுக்கு 2006 மார்ச் முதல் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்டுக்காக வீட்டு ரௌட்டரின் பூட்டைத் தளர்த்துவது, சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்குச் சமம்.

முதல் கேள்வி: என்ன ஸ்லாட்?

லேப்டாப்பின் வயதைப் பொறுத்து மூன்று வகை ஸ்லாட்கள் உண்டு. ஒன்றில் பொருந்தும் கார்டு மற்றொன்றில் பொருந்தாது.

மினி பிசிஐ: ஏறக்குறைய 2005 வரை வந்த லேப்டாப்களில் இருப்பது. 2003-ல் இன்டெல் நிறுவனம் "சென்ட்ரினோ" என்ற பெயரில் பரப்பிய லேப்டாப்களில் இதுதான் இருந்தது. கார்டு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலம். இந்த ஸ்லாட்டுக்கு 802.11என் கார்டு கிடைப்பதே அபூர்வம். இவ்வளவு பழைய கம்ப்யூட்டருக்கு இன்று பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்: 2006 முதல் ஏறக்குறைய 2013 வரை பரவலாக இருந்தது. 52 பின்கள். அகலம் 30 மில்லிமீட்டர். நீளம் முழு அளவில் 51 மில்லிமீட்டர், அரை அளவில் 27 மில்லிமீட்டர். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் அரை அளவு. உங்கள் லேப்டாப்பில் முழு அளவுக்கு மட்டும் ஸ்குரூ துளை இருந்தால், அரைக் கார்டை நீட்டித் தரும் சிறிய பிராக்கெட் ஒன்று தனியே கிடைக்கும்.

எம்.2: 2013, 2014-க்குப் பின் வந்த லேப்டாப்களில் இருப்பது. கார்டின் அளவு 22-க்கு 30 மில்லிமீட்டர். அதனால் "2230" என்று குறிப்பிடுவார்கள். எஸ்எஸ்டிக்கும் எம்.2 ஸ்லாட் உண்டு என்றாலும், வயர்லெஸ் கார்டின் வெட்டு "ஏ" அல்லது "இ" வகை. எஸ்எஸ்டியின் வெட்டு "பி" அல்லது "எம்" வகை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில லேப்டாப்களில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் போலவே இரண்டு ஸ்லாட்கள் இருக்கும். ஒன்று வை-ஃபைக்கு. மற்றொன்று சிம் கார்டு மோடம் அல்லது சிறிய எம்சாட்டா எஸ்எஸ்டிக்கு. பார்க்க ஒன்று போல் இருந்தாலும் பின் இணைப்புகள் வேறு. பழைய கார்டு இருந்த ஸ்லாட்டிலேயே புதிய கார்டைப் பொருத்துங்கள்.

மிக மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் வயர்லெஸ் சிப் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது.

இரண்டாவது கேள்வி: பயாஸ் அனுமதிக்குமா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. சில நிறுவனங்கள், தாம் அனுமதித்த கார்டுகளின் பட்டியலை பயாஸில் எழுதி வைத்திருந்தன. இதற்கு "வைட்லிஸ்ட்" என்று பெயர். பட்டியலில் இல்லாத கார்டைப் பொருத்தினால் விண்டோஸ் வரையே கம்ப்யூட்டர் போகாது. பழைய திங்க்பேட் மாடல்களில் "1802" என்ற எண்ணுடன், அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு இருக்கிறது என்ற செய்தி வந்து நின்றுவிடும். எச்பி லேப்டாப்கள் பலவற்றில் "104" என்ற எண்ணுடன் இதே பொருளில் செய்தி வரும். கார்டைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பழையபடி இயங்கும். ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கார்டுக்குக் கொடுத்த பணம் வீண்.

கார்டும் ஆன்டெனாவும் சேர்ந்தே ரேடியோ அனுமதி பெறுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். டெல் லேட்டிட்யூடு மாடல்களில் பொதுவாக இந்தத் தடை இல்லை.

வைட்லிஸ்ட் இருக்கும் லேப்டாப் என்றால், அதன் சர்வீஸ் மேனுவலை நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து டவுன்லோடு செய்யுங்கள். எந்தெந்தக் கார்டுகள் பொருந்தும், அவற்றின் பாக எண் என்ன என்ற பட்டியல் அதில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 2012-ல் வந்த திங்க்பேட் டி430, எக்ஸ்230 மாடல்களில் வைட்லிஸ்ட் உண்டு. ஆனால் இன்டெல் 6205, 6300 என்ற டூயல் பேண்ட் கார்டுகள் அவற்றுக்கு அனுமதிக்கப்பட்டவை. இவை 802.11என் தான். என்றாலும் 5 ஜிகாஹெர்ட்ஸில் 6205-ன் லிங்க் ஸ்பீடு 300 எம்பிபிஎஸ் வரை போகும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது தாராளம். லேப்டாப் நிறுவனத்தின் பாக எண் உள்ள கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும், பொதுவான கார்டை பயாஸ் மறுத்துவிடலாம்.

பயாஸைத் திருத்தி எழுதி இந்தத் தடையை நீக்குபவர்கள் உண்டு. புதியவர்கள் இதில் இறங்க வேண்டாம். எழுதும்போது தவறினால் லேப்டாப்பே எழுந்திருக்காது. ஆயிரம் ரூபாய்க் கார்டுக்காக மதர்போர்டைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

மூன்றாவது கேள்வி: ஆன்டெனா எப்படி?

லேப்டாப்பின் ஆன்டெனா கண்ணில் படாது. திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து கீல் வழியாக இரண்டு மெல்லிய ஒயர்கள் இறங்கி வந்து கார்டில் பட்டன் போல் பொருந்துகின்றன. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் இந்தப் பட்டன் சற்றுப் பெரியது. எம்.2 கார்டில் சிறியது. ஆகவே எம்.2 கார்டை ஒரு அடாப்டரில் பொருத்திப் பழைய ஸ்லாட்டில் போடலாம் என்று யாராவது சொன்னால், ஆன்டெனா பட்டன் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். அதற்குத் தனியாக ஒரு மாற்று ஒயர் வேண்டும். அடாப்டரின் உயரத்துக்கு இடமும் வேண்டும். முடிந்தவரை ஸ்லாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் கார்டையே வாங்குங்கள்.

ஒயர்களை எண்ணியும் பாருங்கள். இப்போதைய கார்டுகள் பெரும்பாலானவற்றில் இரண்டு பட்டன்கள். லேப்டாப்பில் மூன்று ஒயர் இருந்தால், மேனுவலைப் பார்த்து "மெயின்", "ஆக்ஸ்" ஒயர்கள் இரண்டையும் பொருத்திவிட்டு, மூன்றாவதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக விடலாம். ஒரே ஒயர் இருந்தால், இரண்டு வழிக் கார்டு வாங்கினாலும் முழுப் பலன் கிடைக்காது.

நான்காவது கேள்வி: டிரைவர் இருக்கிறதா?

ஸ்லாட்டில் பொருந்தினாலும், உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு டிரைவர் இல்லையென்றால் கார்டு வெறும் தகடுதான். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்ற வை-ஃபை 6 கார்டுகளுக்கு விண்டோஸ் 10-ன் 64 பிட் பதிப்பு முதல்தான் இன்டெல் டிரைவர் தருகிறது. விண்டோஸ் 7-க்குத் தரவில்லை. 2013-ல் வந்த இன்டெல் 7260 போன்ற கார்டுகளுக்கு விண்டோஸ் 7, 8.1, 10 மூன்றுக்கும் டிரைவர் உண்டு.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்டெல் கார்டுகள் வசதி. டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. ஏஎக்ஸ்200-க்கு 5.1 கெர்னலும், ஏஎக்ஸ்210-க்கு 5.10 கெர்னலும் குறைந்தபட்சம் வேண்டும். பிராட்காம் கார்டுகள் சிலவற்றுக்கு லினக்ஸில் தனியே டிரைவர் தேடி நிறுவ வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. 2012-ல் வந்த லேப்டாப்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே பழைய லேப்டாப்பை இன்னும் சில வருடம் இன்டர்நெட்டில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், லினக்ஸுக்கு மாறுவதையும் சேர்த்தே யோசியுங்கள். கார்டு தேர்வுக்கும் அது உதவும்.

எந்தக் கார்டை வாங்கலாம்?

மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், வைட்லிஸ்ட் இல்லை என்றால் என் தேர்வு இன்டெல் 7260. தங்கையின் லேட்டிட்யூடில் பொருத்தியதும் இதுதான். ஆனால் 7260 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இந்த எண்ணில் மூன்று கார்டுகள் வந்தன. "டூயல் பேண்ட் வயர்லெஸ் ஏசி 7260" என்பதில்தான் 802.11ஏசி உண்டு. "டூயல் பேண்ட் வயர்லெஸ் என் 7260" என்பதில் இரண்டு அலைவரிசையும் உண்டு, ஏசி இல்லை. "வயர்லெஸ் என் 7260" என்பதில் 2.4 மட்டும்தான். மூன்றாவதை வாங்கினால் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். அடுத்து எண்ணின் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள். "எச்எம்டபிள்யூ" என்றிருந்தால் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அரை அளவு. "என்ஜிடபிள்யூ" என்றிருந்தால் எம்.2. கார்டின் லேபிளை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது.

எம்.2 ஸ்லாட் என்றால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்கலாம். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, 9560 ஆகிய கார்டுகள் பார்க்க அச்சாக அதே போல் இருக்கும், ஸ்லாட்டிலும் நுழையும். ஆனால் இவற்றில் பாதி வேலை இன்டெல் பிராசசர் அல்லது சிப்செட்டுக்குள் நடக்கிறது. இந்த முறைக்கு "சிஎன்விஐ" என்று பெயர். இதற்கான வசதி உள்ள புதிய இன்டெல் லேப்டாப்களில் மட்டுமே இவை இயங்கும். பழைய இன்டெல் லேப்டாப்களிலும், ஏஎம்டி லேப்டாப்களிலும் இயங்காது. ஏஎக்ஸ் வரிசையில் நினைவில் வைக்க எளிய வழி: 200, 210 என்று பூஜ்யத்தில் முடிவது எங்கும் போகும். 201, 211 என்று ஒன்றில் முடிவது எங்கும் போகாது.

நான் வாங்கிய 7260 ஏற்கெனவே பயன்படுத்திய கார்டு. விலை 900 ரூபாய். பயன்படுத்திய கார்டு வாங்குவதில் தவறில்லை. திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றும் முறை

1. புதிய கார்டின் டிரைவரைப் பழைய கார்டு இருக்கும்போதே டவுன்லோடு செய்து பென் டிரைவில் வையுங்கள். புதிய கார்டுக்கு டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வராது, இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் வராது என்ற நிலையைத் தவிர்க்கவே இது.

2. லேப்டாப்பை முழுவதும் ஷட்டவுன் செய்யுங்கள். "ஸ்லீப்" போதாது. சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் போய்விடும்.

3. சர்வீஸ் மேனுவலில் கார்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். சில மாடல்களில் அடிமூடியைத் திறந்தாலே தெரியும். சிலவற்றில் கீபோர்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் ஸ்குரூக்களை ஒரு தாளில் இடம் வரைந்து அதன் மேல் வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டையானது இருந்த இடத்தில் போட்டால் போர்டில் குத்தும்.

4. ஏதேனும் ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தை நீக்கிக்கொள்ளுங்கள்.

5. ஆன்டெனா ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். எந்த நிற ஒயர் எந்தப் பட்டனில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

6. பட்டனை நகத்தால் அல்லது பிளாஸ்டிக் முனையால் நேர் மேலே தூக்குங்கள். ஒயரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இந்தப் பட்டன்கள் ஏறக்குறைய 30 முறை மட்டுமே மாட்டிக் கழற்றும் அளவுக்குச் செய்யப்பட்டவை. விளையாட்டாகக் கழற்றி மாட்ட வேண்டாம்.

7. கார்டின் ஸ்குரூவைக் கழற்றியதும் கார்டு தானாகச் சற்று மேலெழும்பும். அந்தச் சாய்விலேயே வெளியே இழுங்கள். புதிய கார்டை அதே சாய்வில் நுழைத்து, கீழே அழுத்தி ஸ்குரூவைப் போடுங்கள். இறுக்கி முறுக்க வேண்டியதில்லை.

8. ஆன்டெனா பட்டனைச் சரியாக மேலே நிறுத்தி, விரல் நுனியால் நேராக அழுத்துங்கள். "க்ளிக்" என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் மீண்டும் நிறுத்திப் பாருங்கள். வளைந்த நிலையில் அழுத்தினால் நசுங்கிவிடும்.

9. மூடியைப் போட்டு, பேட்டரியைப் பொருத்தி, கம்ப்யூட்டரை இயக்கி, பென் டிரைவில் உள்ள டிரைவரை நிறுவுங்கள்.

வேலை செய்யவில்லையா?

கார்டே தெரியவில்லை என்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து "டிவைஸ் மேனேஜர்" திறந்து, "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" பகுதியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கழற்றி மீண்டும் பொருத்துங்கள்.

கார்டு தெரிகிறது, ஆனால் வயர்லெஸ் ஆன் ஆகவில்லை என்றால், லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள வயர்லெஸ் சுவிட்சையும் கீபோர்டில் உள்ள விமானப் படம் போட்ட கீயையும் பாருங்கள். பயாஸில் வயர்லெஸ் "டிசேபிள்" ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிக்னல் மட்டும் மிகக் குறைவு என்றால் ஆன்டெனா பட்டன் சரியாகப் பதியவில்லை. வை-ஃபை வேலை செய்கிறது, புளூடூத் வரவில்லை என்றால் வருந்த வேண்டாம். கார்டில் உள்ள புளூடூத், ஸ்லாட்டின் யுஎஸ்பி இணைப்பு வழியாக இயங்குகிறது. சில பழைய லேப்டாப்களில் அந்த இணைப்பு தரப்படவில்லை.

தங்கையின் லேப்டாப்பில் வேலை முடிய அரை மணி நேரம் ஆனது. லிங்க் ஸ்பீடு 72-லிருந்து 866 ஆனது. அதே மேஜையில் சோதித்தபோது 92 எம்பிபிஎஸ் வந்தது. கதவை மூடிய அடுத்த அறையில் 60-க்கு மேல். சித்தப்பா புதிய லேப்டாப்பை வாங்கவில்லை.

எப்போது மாற்ற வேண்டாம்?

கார்டை மாற்றினால் இன்டர்நெட் வேகம் கூடும். கம்ப்யூட்டரின் வேகம் கூடாது. கேபிளில் முழு வேகம் வந்தும் வீடியோ திக்கினால், பழைய பிராசசரால் அந்த வீடியோவை விரித்துக் காட்ட முடியவில்லை என்று பொருள். அதற்குக் கார்டு மருந்தல்ல.

வாரண்டி உள்ள லேப்டாப்பைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். கீபோர்டு, திரை எல்லாவற்றையும் கழற்றினால்தான் கார்டு தெரியும் என்ற மாடலாக இருந்தாலும், வைட்லிஸ்ட்டில் நல்ல கார்டு இல்லை என்றாலும், யுஎஸ்பி வயர்லெஸ் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகிவிடுவது எளிது. அதிலும் "டூயல் பேண்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகம் அளவு குட்டி அடாப்டர்களில் ஆன்டெனாவும் குட்டி என்பதால் தூரம் குறையும். லேப்டாப்பில் நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். மேஜையை விட்டு நகராத லேப்டாப் என்றால், இவை எதுவும் வேண்டாம். ஒரு லேன் கேபிள் போதும்.

கழற்றிய பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள். புதிய கார்டு வந்த உறையிலேயே அதைப் போட்டு, லேப்டாப் மாடலின் பெயரை மேலே எழுதி வையுங்கள். புதிய கார்டில் கோளாறு வந்தால் ஒரு நாளைக்காவது அது கைகொடுக்கும்.